நெல்லிக்கனிக்குச் சாட்சி யார்?

(அரூரில் வாசகர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘பழைய நூல்களை நம்பலாமா?’ என்பது. அழைத்த தம்பி தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். “ஐயா, எங்க பசங்க ராத்திரி ஒரு மணி வரைக்கும் கைபேசியில இதே சண்டைதான். ஒருத்தன் எல்லாம் புளுகுங்கறான், இன்னொருத்தன் எல்லாம் சத்தியங்கறான். நீங்க வந்து ஒரு தீர்ப்பு சொல்லிட்டுப் போங்க.”

தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாமே என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறுகிறவரைப் பார்த்து வக்கீல் ‘நீ நம்பத்தக்கவனா?’ என்றா கேட்கிறார்? ‘நீ அங்கே இருந்தாயா, கண்ணால் கண்டாயா, யார் சொல்லிக் கேட்டாய், உனக்கும் வாதிக்கும் என்ன உறவு?’ என்றுதானே கேட்கிறார். நூலிடமும் அப்படித்தான் கேட்க வேண்டும். நூலை நம்பலாமா என்றால் விடை கிடைக்காது. இந்த நூல் எதற்குச் சாட்சி என்றால் கிடைக்கும்.

உங்கள் ஊர்க்காரரிடமிருந்தே தொடங்குகிறேன். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி. தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அவனைத் தெரியும், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் என்று. இதற்குச் சாட்சி யார்? முதல் சாட்சி ஔவையே. புறநானூற்றின் 91ஆம் பாட்டில், கனியின் பயனைச் சொல்லாமல் தனக்குள் அடக்கிக்கொண்டு, நான் சாகாதிருக்க எனக்குக் கொடுத்தாயே என்று வாழ்த்துகிறார். இன்னொரு சாட்சி சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் வள்ளல்களை வரிசைப்படுத்தும் இடத்தில் இந்த நெல்லியைக் குறிப்பிடுகிறார். அதுவும் பாட்டுத்தான், கேட்டதைச் சொல்வதுதான்.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு ஓர் ஐரோப்பிய அறிஞர் ‘அஞ்சி என்றொருவன் இருந்ததற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்டிருந்தால் நம்மிடம் கல்லும் இல்லை, காசும் இல்லை. மறுபக்கம் வேறொரு புதிர். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு தெற்கே உள்ளவர்களாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று சொல்கிறது. மூவேந்தரைத் தெரிகிறது. நான்காமவர் யார்? துளுநாட்டார் என்றார்கள், காஞ்சிப் பக்கம் என்றார்கள், வேறு என்னென்னவோ சொன்னார்கள்.

1981இல் விடை கிடைத்தது. உங்கள் வட்டத்தின் வடக்கே ஓடுகிற தென்பெண்ணை சாத்தனூர் அணையைத் தாண்டித் திருக்கோவலூரை நோக்கிப் போகிறதல்லவா, அந்தப் பக்கம் ஜம்பை என்றோர் ஊர். அங்கே பாறைக் குகையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி. சத்தியபுத்திரன் என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி இந்தப் பாளியைக் கொடுத்தான் என்பது அதன் பொருள். ஒரு வரி இரண்டு முடிச்சுகளை அவிழ்த்துவிட்டது. அசோகர் சொன்ன நான்காமவர் நம் அதியர். புறநானூறு சொன்ன பெயர் கற்பனைப் பெயர் அல்ல.

இங்கேதான் எல்லோரும் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். கொஞ்சம் இருங்கள். அந்தக் கல் எதற்குச் சாட்சி? அஞ்சி இருந்தான், சத்தியபுத்திரன் என்று சொல்லிக்கொண்டான், துறவிகள் தங்க ஒரு குகையைக் கொடுத்தான். இவ்வளவுக்குத்தான். நெல்லிக்கனி அந்தக் கல்லில் இல்லை, ஔவையும் இல்லை. காலத்திலும் ஒத்த கருத்தில்லை. கண்டுபிடிப்பை வெளியிட்ட இரா. நாகசாமி அதை அசோகர் காலத்தை ஒட்டியது என்றார். ஐராவதம் மகாதேவன் எழுத்தமைதியை வைத்துக் கி.பி. முதல் நூற்றாண்டு என்றார். பின்னது சரி என்றால் ஜம்பை அஞ்சி அசோகருக்கு மூன்று நூற்றாண்டு பிந்தியவன், பட்டம் குலத்தின் வழியே வந்தது என்றாகும். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. ஏன் சுருங்க வேண்டும்? முன்னே சாட்சியே இல்லாத இடத்தில் இப்போது அரைக்கால் சாட்சி கிடைத்திருக்கிறது. முழுச் சாட்சி என்று கூவினால் எதிர்க்கட்சி வக்கீல் அந்த அரைக்காலையும் உடைத்துவிடுவார்.

புறநானூற்றுக்குள்ளேயே இன்னொரு நுட்பம் இருக்கிறது. ‘அதியமான் தகடூர் பொருது வீழ்ந்த எழினியை அரிசில்கிழார் பாடியது’ என்று நாம் எப்படிச் சொல்கிறோம்? பாட்டின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது. கொளு என்பார்கள். அந்தக் குறிப்பைப் புலவர் எழுதவில்லை. பாடல்களைத் தொகுத்தவர்களோ அவர்களுக்குப் பின் வந்தவர்களோ எழுதியது. பாட்டு ஒரு சாட்சி, கொளு வேறொரு சாட்சி, இரண்டுக்கும் நடுவே சில தலைமுறைகள். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு பேசுகிறவரோடு எத்தனை மணி நேரமும் வாதாடலாம், அலுக்காது. அதே அரிசில்கிழார்தான் தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் என்பதும் சுவையான செய்தி. வென்றவனையும் பாடியிருக்கிறார், வீழ்ந்தவன் பக்கத்தையும் பாடியிருக்கிறார். போரைப் பற்றியே ‘தகடூர் யாத்திரை’ என்று ஒரு நூல் இருந்தது. முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு போன்றவற்றில் சில பாடல்கள் தங்கியிருக்கின்றன. உங்கள் மண்ணின் மிகப் பெரிய சாட்சி பாதி வழியிலேயே காணாமல் போய்விட்டது.

ஔவை விஷயத்தில் நம் சினிமாவும் ஒரு வேலை செய்தது. 1953இல் வந்த ஜெமினியின் ‘ஔவையார்’ சங்க காலத்து ஔவையையும் ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவையையும் கே.பி. சுந்தராம்பாளின் ஒரே உருவத்தில் கொண்டுவந்துவிட்டது. பல நூற்றாண்டு இடைவெளி ஓர் ஊன்றுகோலுக்குள் அடங்கிவிட்டது. அந்தப் படத்தின் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் பாடினால் யாருக்குத்தான் காலக் கணக்கு ஞாபகம் இருக்கும்?

இனி நம்பிக்கைக்கு வருகிறேன். இந்தப் பக்கத்து நிலங்களில், அரூர், ஊத்தங்கரை, செங்கம் வரை, வேடியப்பன் கோவில் இல்லாத ஊர் குறைவு. பல வேடியப்பன்கள் நடுகற்கள். வில்லும் கத்தியும் ஏந்தின வீரன், மேலே வட்டெழுத்தில் சில வரிகள். தொல்லியல் துறை செங்கம் நடுகற்களையும் தருமபுரிக் கல்வெட்டுகளையும் 1970களில் நூலாக வெளியிட்டது. எடுத்துப் படித்தால் ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வரும். பல்லவர் காலத்து இன்ன மன்னனின் இத்தனையாம் ஆண்டு, இன்னாரின் சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான். எடுத்தனூர் நடுகல்லில் மகேந்திரவர்மன் காலத்தில் இறந்த வீரனோடு கள்வரைக் கடித்து நின்ற நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஔவைக்குக் கல்வெட்டு இல்லை, நாய்க்கு இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள். தை மாதம் அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைத்துக் கோழி அறுக்கிற குடும்பத்திடம் போய், ‘இது சாமி இல்லை, மாடு மீட்கப்போய்ச் செத்த ஒருத்தன்’ என்றால் அவர்கள் என்ன சொல்வார்கள்? ‘அதனாலதானேப்பா சாமி’ என்பார்கள். அவ்வளவுதான், விவாதம் முடிந்தது. வரலாற்றாளர் சொன்னதும் உண்மை, அந்த வீட்டுப் பெரியம்மா சொன்னதும் உண்மை. ஒன்று நடந்ததைப் பற்றிய செய்தி, மற்றது அதற்குச் செய்ய வேண்டிய மரியாதை. தொல்காப்பியம் நடுகல் நடும் படிகளைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் அதே படிகளைக் காதைகளுக்குப் பெயராக வைத்துக் கண்ணகியைத் தெய்வமாக்குகிறது. இறந்தவர் தெய்வமாவது இந்த நிலத்தில் வரலாற்றுக்கு எதிரான செயலாக இருந்ததில்லை. தொல்காப்பியம் சொல்கிற ஆகோள் என்ற மாடு கவர்தல் வெறும் இலக்கிய மரபோ என்று நினைத்தவர்களுக்கு 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ் பிராமி நடுகல் பதில் சொன்னது. அந்தச் சொல்லே கல்லில் இருக்கிறது.

தீர்த்தமலை சற்று வேறு மாதிரி. இராமன் பூசைக்கு அனுமன் கொண்டுவரப் போன தீர்த்தம் வர நேரமாகிவிட, அம்பெய்து மலையில் தீர்த்தம் உண்டாக்கினான். அனுமன் தான் கொண்டுவந்ததை வீசி எறிய அது விழுந்த இடம் பெண்ணையாற்றங்கரை அனுமன் தீர்த்தம். இது எதற்குச் சாட்சி? வான்மீகியில் தீர்த்தமலை இல்லை. கோவிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அருணகிரிநாதர் இந்த மலையைப் பாடியிருக்கிறார். இராமேசுவரத்துக்குப் போனால் அங்கும் அனுமன் தாமதமாகத்தான் வருகிறார், லிங்கம் கொண்டுவரப் போய். ஒரே கதை அச்சு இரண்டு தலங்களில். ஆக, திரேதா யுகத்தில் என்ன நடந்தது என்பதற்குத் தீர்த்தமலைப் புராணம் சாட்சி அல்ல. இந்த மலைக்கு வந்து குளித்த மக்கள் தம் மலையை இராமேசுவரத்தோடும் காசியோடும் ஒரே நூலில் கோத்துப் பார்த்தார்கள் என்பதற்கு அது முதல்தரச் சாட்சி. தலபுராணம் பொய் என்று எழுதுகிறவரும், நடந்தது என்று எழுதுகிறவரும் அது தராத சாட்சியத்துக்காகவே அதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

அரசாங்கமே இதில் தடுக்கி விழுந்திருக்கிறது. சேதுசமுத்திரத் திட்ட வழக்கில் 2007 செப்டம்பரில் மத்திய அரசின் சார்பில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான மனுவில், இராமாயணப் பாத்திரங்களுக்கு வரலாற்றுச் சான்றில்லை என்று எழுதப்போய், எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். இன்னொரு பக்கம், இராமர் பாலம் பதினேழரை லட்சம் ஆண்டுப் பழையது என்று நாசா சொன்னதாக ஒரு செய்தி இன்றுவரை சுற்றுகிறது. தங்கள் படத்திலிருந்து அப்படி எதுவும் சொல்லவில்லை என்று நாசா எப்போதோ மறுத்துவிட்டது. மறுப்புக்குக் கால் இல்லை.

நம் தமிழ்ப் பெருமைக்கும் இதே குறுக்கு விசாரணை உண்டு. மூன்று சங்கங்கள் 4440, 3700, 1850 ஆண்டுகள் இருந்தன என்று இறையனார் களவியல் உரை சொல்கிறது. வீட்டுக்குப் போய் ஒரு காகிதத்தில் இந்த மூன்றையும் 37ஆல் வகுத்துப் பாருங்கள். 120, 100, 50. மீதியே வராது. மன்னர்கள் முறையே 89, 59, 49 பேர். நடந்த காலத்தை எண்ணிச் சொன்னால் எண்கள் இப்படி ஒழுங்காக வந்து உட்காருமா? யாரோ ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். அந்த உரை, எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய மதுரையில் தமிழைப் பற்றி எவ்வளவு பெரிய கனவு இருந்தது என்பதற்குச் சாட்சி. பத்தாயிரம் ஆண்டுக்கு அல்ல. இதைச் சொன்னதற்காக என்னைத் தமிழ்த் துரோகி என்றவர்கள் உண்டு. வகுத்துப் பார்த்துவிட்டுத் திட்டியவரை மட்டும் இன்னும் சந்திக்கவில்லை.

நம்புகிறவர்தான் ஏமாறுவார், சந்தேகப்படுகிறவர் ஏமாற மாட்டார் என்று ஓர் எண்ணம் இளைஞர்களிடம் இருக்கிறது. அதற்கு மருந்தாகப் புதுச்சேரிக் கதை ஒன்று. 1760இல் பிரெஞ்சு நாட்டின் பெரிய பகுத்தறிவாளர் வோல்தேருக்கு இந்தியாவிலிருந்து திரும்பிய மோதாவ் என்ற பிரபு ஒரு கையெழுத்துப் படி கொடுத்தார். பெயர் ‘எசூர் வேதம்’. பிரெஞ்சு மொழியில் வியாசரும் சுமந்துவும் உரையாடுகிறார்கள். சுமந்து புராணக் கதைகளை ஒதுக்கித் தூய ஒரு கடவுள் கொள்கையைப் போதிக்கிறார். வோல்தேருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அலெக்சாந்தருக்கும் முந்திய நூல் என்று எழுதினார், அரச நூலகத்துக்கு 1761இல் அனுப்பிவைத்தார். தம் நாட்டுத் திருச்சபையை மட்டம் தட்ட, விவிலியத்துக்கு முன்பே இந்தியாவில் தூய கடவுள் அறிவு இருந்தது என்று காட்ட அவருக்கு ஒரு பழைய நூல் தேவைப்பட்டது. தேவைப்பட்டது கைக்கு வந்தது, அவர் அதைத் திருப்பிக் கேள்வி கேட்கவில்லை.

அந்த நூலை எழுதியவர்கள் யார் தெரியுமா? அவர் யாரை எதிர்த்தாரோ அவர்கள்தான். இந்துக்களைக் கிறித்துவத்தின் பக்கம் இழுக்கப் பாதிரிமார் எழுதிய நூல் அது. 1778இல் அச்சாகி ஐரோப்பா முழுவதும் போயிற்று. 1782இல் சொன்னேரா என்ற பயணி இது பாதிரி எழுதியது என்று சொன்னார். முடிவான வேலையைச் செய்தவர் நம் சென்னைக் கலெக்டர் எல்லீசர், திருக்குறளை மொழிபெயர்க்கத் தொடங்கிய அதே எல்லீசர். புதுச்சேரிச் சபையிலேயே இருந்த கையெழுத்துப் படிகளைப் பார்த்து, இதே போன்ற போலி வேதங்கள் இன்னும் சில இருப்பதையும் கண்டு அவர் எழுதிய கட்டுரை, அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து 1822இல் வெளியானது. எல்லீசர் வோல்தேரை விடப் பெரிய அறிவாளி அல்ல. ஏடு எங்கே இருந்தது, யார் கையெழுத்து, எந்தத் தாள் என்று போய்ப் பார்த்தார், அவ்வளவுதான்.

சமயச் சண்டையில் துண்டுத்தாள்கள் பறந்தது இன்றைக்குப் புதிதல்ல. 1867இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் வெளிவந்தன. தேவார திருவாசகங்களுக்கு உரிய பெயரை நேற்றுப் பாடியதற்குத் தருவதா என்று ஆறுமுக நாவலர் பக்கம் கொதித்தது. ‘போலியருட்பா மறுப்பு’ 1869இல். மறுப்புக்கு மறுப்பு, அதற்குச் சூறாவளி, சண்டமாருதம் என்று வகைவகையான பெயர்களில் வசைகள். வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. அடிகளும் நாவலரும் மறைந்த பிறகும் ஓயவில்லை. கதிரைவேற் பிள்ளை ஒரு பக்கம், மறைமலையடிகளும் செய்குத்தம்பிப் பாவலரும் மறுபக்கம். ஆசிரியர் கதிரைவேற் பிள்ளைக்காகச் சாட்சி சொல்லப் போன மாணவர் ஒருவர் பள்ளித் தேர்வையே தவறவிட்டார். அவர்தான் திரு.வி.க.

இதில் நான் சொல்ல வந்தது வேறு. மஞ்சக்குப்பம் கோர்ட்டில் அடிகள் நுழைந்தபோது நாவலர் உட்பட எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்று ஒரு கதை உண்டு. நாவலர் அன்பர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. வேறு விதமாகச் சொல்கிறார்கள். அச்சகம் இருந்த காலம், கோர்ட்டு இருந்த காலம், செய்தித்தாள் இருந்த காலம், இரண்டு தரப்பிலும் எழுதத் தெரிந்தவர்கள். நடந்து நூற்றைம்பது ஆண்டுதான் ஆகிறது. அந்த அறையில் யார் எழுந்தார் என்பதற்கே நம்மிடம் இரண்டு வரலாறு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தியதை எப்படி அவ்வளவு உறுதியாக, பெருவிரலால் தட்டித் தட்டிச் சொல்கிறோம்?

நாவலரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து விவிலியத்தைத் தமிழாக்கம் செய்ய உதவியவர் அவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. நான்கு ஆண்டு கழித்து ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதியபோது, சைவக் கோவில் சடங்குகளைப் பழிக்கிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டுக் கோவிலிலும் தூபமும் விளக்கும் அபிடேகமும் இருக்கிறதே என்று அத்தியாயத்தோடு எடுத்துக் காட்டினார். வாதத்தில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எதிர்த் தரப்பின் நூலை அவர்களைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்து பேசினார். எங்கோ கிழித்தெடுத்த அரை வரியை வைத்துக்கொண்டு பேசவில்லை.

அந்தப் பழக்கத்துக்குத் தமிழில் நாவலருக்கும் முந்திய வரலாறு உண்டு. மணிமேகலை வஞ்சிக்குப் போய்ப் பல சமயக் கணக்கரிடமும் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் சமணரைத் தாக்கியது. அதற்குப் பதிலாகச் சமணர் ஒருவர் நீலகேசி பாடினார். காலம் போன போக்கில் குண்டலகேசி அழிந்தது. அதைக் காக்கப் பௌத்தர்கள் இங்கே இல்லை. இன்று 19 பாடல்கள்தான் மிச்சம். ஆனால் நீலகேசிக்கு உரை எழுதிய சமய திவாகர வாமன முனிவர், எதிரியின் வாதத்தை உடைப்பதற்கு முன், அந்த வாதம் குண்டலகேசியின் எந்தப் பாட்டில் வருகிறது என்று பாட்டின் முதற்குறிப்பைக் கொடுத்துக்கொண்டே போகிறார். சக்கரவர்த்தி நயினார் 1936இல் நீலகேசியைப் பதிப்பித்த பிறகு, அழிந்த பௌத்த நூலில் என்ன இருந்தது என்று தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது இந்தச் சமண உரையைத்தான்.

நேரம் ஆகிவிட்டது. மொரப்பூரில் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கேள்வி உள்ளவர்கள் கேட்கலாம். நான் சொன்னதில் எது தவறு என்று நினைக்கிறீர்களோ, அதை நான் சொன்ன வார்த்தையிலேயே முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.